குடிப்பது ஒயினையா, விலைச்சீட்டையா?

2014 ஏப்ரல் மாதம் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநில முதல்வர் பாரி ஓ'ஃபாரல் பதவி விலகினார். காரணம், ஒரே ஒரு பாட்டில் ஒயின். 2011 தேர்தலில் வென்றபோது ஒரு தொழிலதிபர் அவருக்கு அனுப்பி வைத்த பென்ஃபோல்ட்ஸ் கிரேஞ்ச், 1959-ஆம் ஆண்டுச் சரக்கு. விலை சுமார் 3,000 ஆஸ்திரேலிய டாலர். ஊழல் தடுப்பு ஆணையத்தின் முன்னால் நின்று, அப்படி ஒரு பரிசு வந்ததாகத் தனக்கு நினைவே இல்லை என்றார் முதல்வர். மறுநாள் அவர் கைப்பட எழுதிய நன்றிக் கடிதம் வெளியே வந்துவிட்டது. அவ்வளவுதான், நாற்காலி போயிற்று. அவர் ஊழல் செய்தார் என்று யாரும் நிறுவவில்லை. மறந்துபோனதுதான் குற்றம்!

அந்த விவகாரம் முழுக்க ஓர் எண்ணைச் சுற்றியே நடந்தது: மூவாயிரம் டாலர். இவ்வளவு விலையுள்ள பொருளை ஒரு மனிதன் மறக்க முடியுமா என்பதுதான் கேள்வி. அந்த ஒயின் எப்படி இருந்திருக்கும் என்பது ஒரு பொருட்டாகவே இல்லை. ஆஸ்திரேலியாவின் உயர்தரச் சிவப்பு ஒயின்களுக்கு நேர்ந்திருக்கும் கதியை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது. அவற்றை வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் நாக்கால் வாங்குவதில்லை. விலையால் வாங்குகிறார்கள், மதிப்பெண்ணால் வாங்குகிறார்கள், பதக்கத்தால் வாங்குகிறார்கள். மூன்றும் அடுத்தவன் நாக்கு.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. முதல்வரைக் கவிழ்த்த அந்த 1959 கிரேஞ்ச், தயாரிக்கவே கூடாது என்று கம்பெனி தடை போட்டிருந்த ஒயின்!

நசுக்கிய எறும்பு வாடை

1950-ல் மேக்ஸ் ஷூபர்ட் என்ற ஒயின் தயாரிப்பாளரைப் பென்ஃபோல்ட்ஸ் நிறுவனம் ஐரோப்பாவுக்கு அனுப்பியது. போனது ஷெர்ரி, போர்ட் போன்ற செறிவூட்டிய ஒயின்களைப் பற்றிப் படிக்க. அன்றைய ஆஸ்திரேலியாவில் விற்றதெல்லாம் அந்த வகைதான். வழியில் ஃபிரான்சின் போர்தோவுக்குப் போனவர், நாற்பது ஐம்பது வருடம் பழகியும் உயிரோடு இருந்த சிவப்பு ஒயின்களைச் சுவைத்துப் பார்த்தார். ஊருக்குத் திரும்பியதும் அதே மாதிரி நீண்ட காலம் நிற்கும் ஒன்றைச் செய்ய முனைந்தார். போர்தோவின் கேபர்னே சாவிஞான் திராட்சை போதுமான அளவு கிடைக்கவில்லை. உள்ளூரில் தாராளமாகக் கிடைத்த ஷிராஸை எடுத்துக்கொண்டார். ஃபிரெஞ்சு ஓக் பீப்பாய்க்குப் பதிலாக அமெரிக்க ஓக். 1951-ல் பரிசோதனையாக முதல் சரக்கு. 1952 முதல் விற்பனைக்கான தயாரிப்பு.

சில வருடம் கழித்துச் சிட்னியில் பெரிய மனிதர்களைக் கூட்டிச் சுவைக்கக் கொடுத்தார்கள். பாராட்டியவர் சொற்பம். காட்டுப் பழங்களோடு எறும்பை நசுக்கிப் போட்டது போல இருக்கிறது என்றுகூட ஒருவர் சொன்னாராம். 1957-ல் தயாரிப்பை நிறுத்தச் சொல்லி உத்தரவு வந்தது. ஷூபர்ட் கேட்கவில்லை. அடிலெய்டுக்குப் பக்கத்தில் மகில் என்ற இடத்தில், நிறுவனத்தின் நிலவறைக்குள்ளேயே, மேலிடத்துக்குத் தெரியாமல் 1957, 1958, 1959 மூன்று வருடமும் தயாரித்து ஒளித்து வைத்தார். புதுப் பீப்பாய் வாங்கக்கூடப் பணம் கிடையாது. 1960-ல், அதற்குள் முதிர்ந்திருந்த பழைய சரக்குகளை மறுபடி சுவைத்துப் பார்த்த அதே நிர்வாகம் தடையை நீக்கியது. பிறகு 1955 கிரேஞ்ச் போட்டிகளில் ஐம்பதுக்கும் மேற்பட்ட தங்கப் பதக்கங்களை வாங்கிக் குவித்தது.

இந்தக் கதையை எல்லோரும் ஷூபர்ட்டின் விடாமுயற்சிக்கு உதாரணமாகச் சொல்கிறார்கள். சரிதான். ஆனால் அதில் இன்னொரு பாடம் இருக்கிறது. அன்று குறை சொன்னவர்கள் கத்துக்குட்டிகள் அல்ல, நிபுணர்கள். அவர்கள் பழகிய சுவை ஒன்று, முன்னால் வைக்கப்பட்டது இன்னொன்று. அதுவும் முதிராத நிலையில். பழகிய அச்சுக்குள் அடங்காததைக் குறை என்று எழுதிவிட்டார்கள். இன்று அதே கிரேஞ்ச் புதிதாக வெளிவரும்போதே சுமார் ஆயிரம் ஆஸ்திரேலிய டாலர். 1951-ஆம் ஆண்டுப் பாட்டில் ஒன்று 2020-க்குப் பிறகு ஏலத்தில் ஒரு லட்சம் டாலரைத் தாண்டிப் போயிருக்கிறது. அதை வாங்குகிறவர் குடிப்பதற்காக வாங்குவதில்லை. ஒரு வருடம்கூட விடாமல் முழு வரிசையையும் சேர்த்து வைக்கும் ஆசை, தபால்தலை சேர்ப்பது போல. அதில் தப்பொன்றும் இல்லை. அதற்கு ஒயின் ரசனை என்று பெயர் வைப்பதுதான் தப்பு.

சந்தை வெட்டி எறிந்த கொடிகள்

விலை என்பது பல பேருடைய நாக்கின் கூட்டுத் தீர்ப்பு, ஆகவே நம்பலாம் என்று ஒரு வாதம் உண்டு. அப்படிச் சொல்பவர்கள் பரோசா பள்ளத்தாக்கின் 1980-களைக் கொஞ்சம் திரும்பிப் பார்க்க வேண்டும்.

தெற்கு ஆஸ்திரேலியாவுக்கு ஒரு பெரிய பாக்கியம் உண்டு. 19-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியத் திராட்சைத் தோட்டங்களை அழித்த ஃபிலோக்சிரா என்ற வேர்ப்பூச்சி அங்கே நுழையவே இல்லை. அதனால் 1840-களில் நட்ட ஷிராஸ் கொடிகள் இன்றும் அங்கே காய்க்கின்றன. உலகத்திலேயே வயதான ஷிராஸ் கொடிகளில் இவையும் அடக்கம். 1980-களில் என்ன ஆயிற்று? சிவப்பு ஒயினுக்குக் கிராக்கி இல்லை, வெள்ளை ஒயின்தான் நாகரிகம் என்று சந்தை தீர்ப்புச் சொன்னது. கொடிகளைப் பிடுங்கி எறிய அரசாங்கமே விவசாயிகளுக்குப் பணம் கொடுத்தது. தாத்தாவுக்குத் தாத்தா நட்ட கொடிகள் டிராக்டரில் சங்கிலி கட்டி இழுக்கப்பட்டன.

எல்லாம் அழிந்துவிடாமல் காத்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர். பீட்டர் லேமன் அவர்களில் ஒருவர். வேலை பார்த்த கம்பெனி, விவசாயிகளிடம் திராட்சை வாங்க வேண்டாம் என்றது. கை குலுக்கிக் கொடுத்த வாக்கை மீற மாட்டேன் என்று 1979-ல் கடன் வாங்கித் தனியாகக் கடை விரித்தார் அவர். ராக்ஃபோர்ட் நிறுவனத்தின் ராபர்ட் ஓ'கல்லகன் போன்றவர்களும் பழைய கொடிகளின் திராட்சைக்கு நல்ல விலை கொடுத்து வாங்கினார்கள். அப்படித் தப்பிய கொடிகளிலிருந்து வருவதுதான் இன்று 'பழங்கொடி ஷிராஸ்' என்று லேபிளில் போட்டுப் பல மடங்கு விலைக்கு விற்கும் சரக்கு. ஒரே கொடி, ஒரே மண். 1985-ல் குப்பை, 2005-ல் தங்கம். மாறியது ஒயின் அல்ல. ஆக, சந்தை விலை எதை அளக்கிறது? பேஷனை அளக்கிறது.

லேங்டன்ஸ் என்ற ஏல நிறுவனம் 1990 முதல் ஆஸ்திரேலிய ஒயின்களைத் தரவரிசைப்படுத்தி வெளியிட்டு வருகிறது. பத்து வருடச் சரக்காவது வெளிவந்திருக்க வேண்டும். ஏலத்தில் நல்ல கிராக்கியும் விலையும் இருக்க வேண்டும். நேர்மையான பட்டியல்தான், தன் அளவுகோலை மறைப்பதில்லை. ஆனால் வாங்குகிறவர்கள் அதை எப்படிப் படிக்கிறார்கள்? பட்டியலில் இருப்பதால் வாங்குகிறார்கள். வாங்குவதால் விலை ஏறுகிறது. விலை ஏறுவதால் பட்டியலில் இருக்கிறது. செக்கு மாடு சுற்றுவது போலத்தான்.

அரசாங்கங்களும் இதற்கு விலக்கல்ல. 2022 டிசம்பரில் அமலுக்கு வந்த இந்திய-ஆஸ்திரேலிய வர்த்தக ஒப்பந்தத்தில் ஒயினுக்கான 150 சதவீத இறக்குமதி வரி குறைக்கப்பட்டது. எப்படி? 5 அமெரிக்க டாலருக்கு மேற்பட்ட பாட்டிலுக்கு 100 சதவீதம், 15 டாலருக்கு மேற்பட்டதற்கு 75 சதவீதம், பிறகு படிப்படியாக இன்னும் குறையும். விலை கூடினால் வரி குறைவு! உள்ளூர்த் தயாரிப்பாளர்களைக் காக்கும் கணக்கு அது, புரிகிறது. ஆனால் கடைக்காரர் அதை 'உசத்திச் சரக்கு' என்ற சான்றிதழாகக் காட்டும்போது யாரும் குறுக்கே பேசப் போவதில்லை.

நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து

விலையை நம்பாதவர்கள் மதிப்பெண்ணை நம்புகிறார்கள். அமெரிக்க விமர்சகர் ராபர்ட் பார்க்கர் பிரபலமாக்கிய 100 மதிப்பெண் முறை இது. 100 என்பது பேருக்குத்தான். 85-க்குக் கீழே வாங்கிய ஒயினை யாரும் விளம்பரப்படுத்துவதில்லை. 90-க்குக் கீழே என்றால் கடையில் தூசி படியும். மிச்சமிருக்கும் பத்தே பத்து எண்ணுக்குள் ஆயிரக்கணக்கான ஒயின்களை அடைக்க வேண்டும். 94-க்கும் 95-க்கும் நடுவே என்ன வித்தியாசம் என்று கேட்டால் பதில் வராது. ஆனால் விலைச்சீட்டில் அந்த ஒரு மதிப்பெண்ணுக்கு எடை உண்டு.

கலிஃபோர்னியாவில் ராபர்ட் ஹாட்ஜ்சன் என்பவர் ஒரு சோதனை செய்தார். அவர் ஓய்வு பெற்ற பேராசிரியர், சிறிய ஒயின் தயாரிப்பாளரும்கூட. அந்த மாநிலத்துப் பெரிய போட்டியில் நடுவர்களுக்கே தெரியாமல், ஒரே பாட்டிலிலிருந்து மூன்று கோப்பைகளை மற்ற ஒயின்களுக்கு நடுவே கலந்து வைத்தார். 2008-ல் வெளியான முடிவு இது: மூன்று முறையும் ஒரே பதக்கத் தரத்துக்குள் மதிப்பெண் போட்ட நடுவர்கள் ஏறத்தாழ பத்தில் ஒருவர்தான். ஒரே ஒயின், ஒரே நாக்கு, ஒரே நாள். அதற்கே இந்தக் கதி என்றால், போன வருடம் எங்கோ ஒருவர் போட்ட 95-ஐ நம்பி ஒருவர் தன் அரை மாதச் சம்பளத்தை எண்ணி வைப்பது என்ன நியாயம்?

மதிப்பெண் ஏமாற்றுவதோடு நிற்பதில்லை, ஒயினையே மாற்றுகிறது. 1990-களின் கடைசியிலும் 2000-களின் தொடக்கத்திலும் பரோசா, மெக்லாரன் வேல் பகுதிகளின் கனத்த ஷிராஸ்களுக்குப் பார்க்கர் அள்ளிக் கொடுத்தார். உடனே பல தயாரிப்பாளர்கள் திராட்சையைக் கொடியிலேயே வற்ற விட்டார்கள். ஆல்கஹால் 15, 16 சதவீதம் என்று ஏறியது. முதல் வாய்க்கு அசத்தும், இரண்டாவது கோப்பைக்குத் திகட்டும். பழ ஜாம் குடிப்பது போல. கொஞ்ச காலம் கழித்து அமெரிக்கச் சந்தை அலுத்துப்போய் முகத்தைத் திருப்பிக்கொண்டது. அதோடு, அந்த ஆட்டத்துக்கே போகாமல் நிதானமாக ஒயின் செய்து வந்தவர்களின் பெயரும் சேர்ந்து கெட்டது.

வட்ட ஸ்டிக்கர்

பதக்கமும் அப்படித்தான். ஆஸ்திரேலியப் போட்டிகளில் ஒயினின் பெயரை மறைத்துத்தான் சுவைக்கிறார்கள். அந்த மட்டும் பாராட்ட வேண்டும். ஆனால் ஒரு நடுவர் ஒரே நாளில் நூற்றுக்கும் மேற்பட்ட ஒயின்களைச் சுவைக்கிறார். முப்பதாவது ஷிராஸுக்குப் பிறகு நாக்கில் டானின் படிந்து தடித்துவிடும். அப்போது எது கண்ணில் படும்? உரக்கக் கத்துவது படும். மெல்லப் பேசுவது அடிபட்டுப் போகும். சாப்பாட்டோடு வைத்து மெதுவாகக் குடிக்க வேண்டிய ஒயினுக்கு அந்த வரிசையில் இடமே கிடையாது.

மெல்பர்ன் போட்டியில் 1962 முதல் கொடுக்கப்படும் ஜிம்மி வாட்சன் கோப்பை நாட்டிலேயே பேர்போனது. வுல்ஃப் பிளாஸ் அதை 1974, 75, 76 என்று தொடர்ந்து மூன்று முறை வென்று கோடிகளில் புரளத் தொடங்கினார். அந்தக் கோப்பை பல பத்தாண்டுகளாக எதற்குக் கொடுக்கப்பட்டது தெரியுமா? ஒரு வருடமே ஆன சிவப்பு ஒயினுக்கு. அதாவது இன்னும் பீப்பாயில் கிடக்கும், பாட்டிலுக்கே வராத சரக்குக்கு. நடுவர்கள் சுவைத்தது ஒன்று, ஸ்டிக்கர் ஒட்டிக் கடைக்கு வந்தது அதன் பிற்கால வடிவம். விமர்சனம் வலுத்த பிறகுதான் விதியை மாற்றினார்கள்.

'எல்லாமே ஏமாற்று' என்பவர்களுக்கு

இதையெல்லாம் படித்துவிட்டு, ஆகா, ஒயின் சுவைப்பது என்பதே பித்தலாட்டம், நூறு ரூபாய்ச் சரக்கும் பத்தாயிரம் ரூபாய்ச் சரக்கும் ஒன்றுதான் என்று கைதட்டுகிற கூட்டம் ஒன்று உண்டு. அவர்களும் தப்பு. அவர்களுடையது இன்னும் சோம்பேறித்தனமான தப்பு.

அவர்கள் அடிக்கடி எடுத்து வீசுவது ஃபிரடெரிக் புரோஷேவின் 2001 சோதனை. வெள்ளை ஒயினில் சிவப்புச் சாயம் கலந்து போர்தோ மாணவர்கள் 54 பேரிடம் கொடுத்தார். அவர்கள் சிவப்பு ஒயினுக்குரிய சொற்களால் அதை வர்ணித்தார்கள். சரி. இதிலிருந்து தெரிவது என்ன? கண் மூக்கை ஏமாற்றும் என்பது. மூக்கே இல்லை என்பது அல்ல. அதே போல 2008-ல் கலிஃபோர்னியாவில் ஒரே ஒயினை வேறு வேறு விலை சொல்லிக் கொடுத்தபோது, விலை அதிகம் என்று சொன்னதே அதிகம் பிடித்ததாகச் சொன்னார்கள். மூளையின் இன்ப உணர்வுப் பகுதியும் அதற்கேற்பத் துடித்தது. இதிலிருந்து தெரிவது, விலையைக் கேட்டுக்கொண்டு சுவைக்கக் கூடாது என்பது. சுவைக்கவே கூடாது என்பதல்ல.

அதே ஆண்டு வெளியான இன்னோர் ஆய்வு ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட மறைமுகச் சுவைப்புகளை அலசியது. பயிற்சி இல்லாதவர்கள் விலை உயர்ந்த ஒயினை ஒரு துளி குறைவாகவே ரசித்தார்கள். பயிற்சி உள்ளவர்களிடம் அப்படி இல்லை. விலை உயர்ந்தது கொஞ்சம் அதிகமாகப் பிடிப்பதற்கான அறிகுறி இருந்தது. ஆக வித்தியாசம் இருக்கிறது, அதைக் கண்டுபிடிக்கக் கற்றுக்கொள்ளவும் முடிகிறது. கர்நாடக சங்கீதம் கேட்டுப் பழகாதவருக்கு எல்லா ராகமும் ஒன்றுதான். அதனால் ராகமே இல்லை என்றாகிவிடுமா?

வாசனைகள் கற்பனை அல்ல. குளிர்ந்த பகுதி ஷிராஸில் மிளகு வாசம் அடிப்பதற்கு ரோட்டண்டோன் என்ற வேதிப்பொருள் காரணம் என்று ஆஸ்திரேலிய ஒயின் ஆராய்ச்சிக் கழகம் கண்டுபிடித்தது. நிஜ மிளகிலும் அதுதான் இருக்கிறது. இன்னும் சுவாரசியம், சோதித்தவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு அந்த வாசனை எவ்வளவு கலந்தாலும் தெரியவே இல்லை. பிறவியிலேயே அப்படி. மதிப்பெண் போடும் விமர்சகர் அந்த ஐந்தில் ஒருவராக இருந்தால்? வாங்குகிறவர் இருந்தால்? அடுத்தவர் மூக்கை வாடகைக்கு எடுக்கக் கூடாது என்பதற்கு இதைவிடக் காரணம் வேண்டுமா?

கூனவாரா போன்ற சில பகுதிச் சிவப்பு ஒயின்களில் யூகலிப்டஸ் வாசம் வரும். தோட்டத்து ஓரம் நிற்கும் மரங்களிலிருந்து காற்றிலும் இலையிலும் வருவது. 19-ஆம் நூற்றாண்டில் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்து ஊட்டியில் வேர்விட்ட அதே மரம். லண்டன் விமர்சகர் புதினா என்றோ கற்பூரம் என்றோ தேடிக்கொண்டிருக்கும்போது, ஜலதோஷத்துக்கு நீலகிரித் தைலம் தடவி வளர்ந்த மூக்கு ஒரே நொடியில் அடையாளம் சொல்லிவிடும். டானின் என்றால் என்ன என்று பக்கம் பக்கமாக விளக்குகிறார்கள். நாவல்பழம் தின்ற நாக்குக்கு விளக்கமே தேவையில்லை.

சுவைக்கும் முறை

சொந்த நாக்கை நம்புவது என்றால் வாயில் ஊற்றிவிட்டு 'நல்லா இருக்கு' என்பதல்ல. அதற்கு ஒழுங்கு வேண்டும். செலவு அதிகமில்லை. நான்கு பேர் சேர்ந்தால் மூன்று பாட்டில் வாங்கலாம்.

முதலில் பாட்டிலைக் காகிதத்தில் சுற்றி எண் போட வேண்டும். சுற்றுபவர் ஒருவர், ஊற்றுபவர் வேறொருவர். விலை யாருக்கும் தெரியக் கூடாது. கோப்பைக்கு 50 மில்லி போதும். ஒரே வகையை ஒப்பிட வேண்டும்: மூன்றும் ஷிராஸ், அல்லது மூன்றும் கேபர்னே. ஷிராஸையும் பினோ நுவாரையும் ஒன்றாக வைப்பது பலாப்பழத்தையும் எலுமிச்சையையும் ஒப்பிடுவது மாதிரி.

வெப்பம் முக்கியம். சிவப்பு ஒயினை 'அறை வெப்பத்தில்' குடிக்க வேண்டும் என்பது ஐரோப்பாவின் குளிர்ந்த கல் வீடுகளில் பிறந்த பேச்சு. 16 முதல் 18 டிகிரிதான் கணக்கு. அடிலெய்டின் கோடையிலோ சென்னையின் எந்த மாதத்திலோ அறை வெப்பத்தில் வைத்தால் ஆல்கஹால் நெடிதான் முதலில் மூக்கில் ஏறும். அரை மணி நேரம் ஃபிரிஜ்ஜில் வைத்து எடுப்பதில் பாவம் ஒன்றும் இல்லை.

கோப்பையைச் சுழற்றி முகர வேண்டும். அமெரிக்க ஓக் என்றால் வெனிலா, தேங்காய் வாசம் தூக்கலாக வரும். அது பீப்பாயின் வாசம், திராட்சையின் வாசம் அல்ல. அதை விலக்கிவிட்டு அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். வாயில் வைத்தால் கவனிக்க வேண்டியவை நாலு: புளிப்பு, துவர்ப்பு, ஆல்கஹாலின் எரிச்சல், துப்பிய பின் சுவை எவ்வளவு நேரம் நிற்கிறது என்பது. ஆம், துப்ப வேண்டும். 14.5 சதவீத ஒயின் ஒரு பாட்டிலில் ஆஸ்திரேலியக் கணக்குப்படி 8.6 'நிலையளவுப் பானங்கள்' இருக்கின்றன. ஒரு பானம் என்பது 10 கிராம் ஆல்கஹால். லேபிளிலேயே அச்சிட்டிருக்கும். போதையில் போடும் தீர்ப்புக்கு மதிப்பில்லை.

பிறகு, வித்தியாசம் நிஜமாகவே தெரிகிறதா என்று சோதிக்க ஒரு சுலப வழி. மூன்று கோப்பை, இரண்டில் ஒரே ஒயின், ஒன்றில் வேறு. தனித்து நிற்பது எது என்று கண்டுபிடிக்க வேண்டும். முடியவில்லை என்றால் விலை குறைந்ததை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம், அதில் வெட்கம் இல்லை. மிச்சத்தை மூடி வைத்து மறுநாளும் சுவைக்க வேண்டும். நல்ல சரக்கு மறுநாள் இன்னும் மலரும். அலங்காரத்தில் நின்றது ஒரே இரவில் சரிந்துவிடும்.

தேர்ந்தெடுக்கும் முறை

லேபிளில் சட்டம் காக்கும் சொற்களும் உண்டு, காற்றில் பறக்கும் சொற்களும் உண்டு. ஆஸ்திரேலியச் சட்டப்படி பகுதி, திராட்சை வகை, ஆண்டு மூன்றையும் போட்டால் குறைந்தது 85 சதவீதம் அப்படியே இருக்க வேண்டும். 'ஷிராஸ் கேபர்னே' என்றிருந்தால் ஷிராஸ் அதிகம், திருப்பிப் போட்டிருந்தால் கேபர்னே அதிகம். இவற்றை நம்பலாம். ஆனால் 'ரிசர்வ்' என்ற சொல்லுக்கு அங்கே சட்டப்படி எந்த அர்த்தமும் இல்லை. யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். 'பழங்கொடி' என்பதற்கும் சட்ட வரையறை கிடையாது. பரோசாக்காரர்கள் 2009-ல் தாங்களாகவே ஒரு சாசனம் வகுத்து 35, 70, 100, 125 வயது என்று பிரித்தார்கள், நல்ல விஷயம். ஆல்கஹால் அளவிலும் 1.5 சதவீதம் வரை முன்னே பின்னே இருக்கச் சட்டம் இடம் கொடுக்கிறது. 14 என்று படித்துவிட்டு 15.5 குடித்துக்கொண்டிருக்கலாம்.

எந்தப் பகுதி எதற்கு என்று தெரிந்துகொண்டால் பாதிப் பணம் மிச்சம். கனமும் சூடும் வேண்டும் என்றால் பரோசா ஷிராஸ். மிளகு மணக்கும் மெலிந்த ஷிராஸ் வேண்டும் என்றால் கான்பெரா பகுதி போன்ற குளிர்ந்த இடங்கள். கேபர்னே என்றால் கூனவாரா: சுமார் 15 கிலோமீட்டர் நீளம், ஒன்றிரண்டு கிலோமீட்டர் அகலத்துக்கு, சுண்ணாம்புப் பாறை மேல் செம்மண். அந்த எல்லைக்குள் யார் வருகிறார்கள் என்று வருடக்கணக்கில் வழக்கு நடந்தது என்றால் பெயரின் மதிப்பைப் புரிந்துகொள்ளலாம். இன்னொன்று மேற்குக் கரையில் மார்கரெட் ரிவர். 1960-களின் நடுவில் ஜான் கிளாட்ஸ்டோன்ஸ் என்ற வேளாண் அறிஞர் அந்த இடம் திராட்சைக்கு ஏற்றது என்று எழுத, 1967-ல் ஒரு டாக்டர் அங்கே முதல் வணிகத் தோட்டமான வாஸ் ஃபெலிக்ஸை நட்டார். பினோ நுவாருக்கு யாரா பள்ளத்தாக்கு.

பெரிய பெயருக்கு அடுத்த படியில்தான் நல்ல வேட்டை கிடைக்கும். பென்ஃபோல்ட்ஸின் பின் 389, முந்தைய கிரேஞ்ச் கிடந்த பீப்பாய்களில் ஒரு பகுதி முதிர்வது. விலை கிரேஞ்சில் பத்தில் ஒரு பங்கு அளவுதான். 1954 முதல் வரும் வின்ஸ் கூனவாரா பிளாக் லேபிள் கேபர்னே அதையும்விட மலிவு, நல்ல வருடத்துச் சரக்கு இருபது வருடம் தாங்கும். ஆண்டையும் பார்க்க வேண்டும். 2011 தென்கிழக்கு ஆஸ்திரேலியாவில் மழையும் நோயும் அடித்த வருடம். 2010-ம் 2012-ம் அருமை. ஒரே லேபிள்தான், உள்ளே இருப்பது வேறு.

திருகு மூடி மலிவின் அடையாளம் என்ற மூடநம்பிக்கையையும் விட்டொழிக்க வேண்டும். கார்க்கில் உருவாகும் ஒரு வேதிப்பொருள் ஒயினை நனைந்த செய்தித்தாள் போல நாற வைக்கும். 2000-ல் கிளேர் பள்ளத்தாக்கின் ரீஸ்லிங் தயாரிப்பாளர்கள் சேர்ந்து திருகு மூடிக்கு மாறியதே அந்த வயிற்றெரிச்சலில்தான். இன்று அங்கே விலை உயர்ந்த சிவப்பு ஒயின்கள் பலவும் திருகு மூடியில்தான் வருகின்றன. கார்க் உருவும் 'டப்' சத்தத்துக்காக ஆசைப்படுகிறவர் சத்தத்தை வாங்குகிறார்.

யாருக்கு நட்டம்?

பணம் உள்ளவன் ஏமாந்தால் யாருக்கு என்ன என்று கேட்கலாம். நட்டம் அவனோடு நிற்பதில்லை.

2017-ல் ஷாங்காய் போலீஸ் ஆயிரக்கணக்கான போலிப் பென்ஃபோல்ட்ஸ் பாட்டில்களைப் பிடித்தது. லேபிளைக் குடிக்கிறவர்கள் இருக்கும் ஊரில்தானே லேபிளை மட்டும் அச்சடித்துப் பிழைக்க முடியும்? 2020 நவம்பரில் சீனா ஆஸ்திரேலிய ஒயின் மேல் தண்ட வரி போட்டது. 2021-ல் அது 218 சதவீதம் வரை போனது. 2024 மார்ச்சில்தான் நீக்கினார்கள். அந்த இடைவெளியில் சிவப்பு ஒயின் தேங்கி வழிந்தது. 2023-ல் கையிருப்பு 200 கோடி லிட்டருக்கும் மேல் என்று கணக்கிட்டார்கள். கிரேஞ்சின் விலை இறங்கியதா? இல்லை. இறங்கியது முரே நதியோரத்து விவசாயிக்குக் கிடைக்கும் திராட்சை விலை. செலவுக்கே கட்டாமல் பலர் கொடியைப் பிடுங்கினார்கள். 1980-களின் அதே காட்சி.

பட்டியலில் உள்ள இருபது முப்பது பெயர்களின் பின்னால் மட்டும் எல்லோரும் ஓடினால் இப்படித்தான் ஆகும். உச்சியில் தங்க முலாம், அடியில் பெட்டி ஒயின், நடுவில் நாணயமாக ஒயின் செய்யும் குடும்பங்கள் காய்ந்து சாகும். அந்த நடுவைக் காப்பாற்றக் கூடியது மதிப்பெண் அல்ல, அரசாங்கமும் அல்ல. காகிதம் சுற்றிய பாட்டிலை முகர்ந்து பார்த்து, இது எனக்குப் பிடிக்கிறது, இதன் பெயர் என்ன என்று கேட்கிற வாடிக்கையாளர்தான். 1985-ல் அப்படிப்பட்டவர்கள் இன்னும் கொஞ்சம் பேர் இருந்திருந்தால், பரோசாவில் இன்னும் பல கொடிகள் நூறாவது பிறந்த நாளைப் பார்த்திருக்கும்.

ஷூபர்ட் மூன்று வருடம் ஒளித்து வைத்தது விலை உயர்ந்த ஒயினை அல்ல. அன்று அதற்கு விலையே கிடையாது. எல்லோரும் மோசம் என்று சொன்னதை, தன் நாக்கு நல்லது என்று சொன்ன ஒரே காரணத்துக்காக ஒளித்து வைத்தார். அந்த ஒயினுக்கு மரியாதை செய்ய வேண்டும் என்றால் மூவாயிரம் டாலர் தேவையில்லை. ஒரு பழைய செய்தித்தாள் போதும், பாட்டிலைச் சுற்ற.